அம்மாவின் புருவத்தை எடுத்த விதம்

பொருக்கைப் பிய்க்கக் கூடாது. என்னிடம் வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். காய்ந்து தானாக விழுகிறவரை விட்டுவிட்டால் நிறமும் அதோடு போகும், தோலும் பிழைக்கும். கை சும்மா இருக்காமல் பிய்த்தால் தழும்புதான். பதினான்கு வருடமாக வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் காதிலேயே வாங்குவதில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களே, அந்தப் படம் எனக்குத் தெரியும். அதற்கும் வருவேன்.

பச்சை குத்தியதை எடுப்பது என் தொழில். புருவத்திலும் உதட்டிலும் நிரந்தரமாக நிறம் ஏற்றிக்கொண்டு, பிறகு கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வருந்துகிறவர்களுக்கும் எடுத்துவிடுவேன். என்னிடம் லேசர் கிடையாது. புருவத்தில் லேசர் பட்டால் சில நிறங்கள் போவதற்குப் பதிலாகக் கருத்துவிடும், இருக்கிற நாலு முடியும் கருகும். நான் செய்வது உப்புநீர் முறை. மெல்லிய ஊசிகளால் தோலின் மேல்பக்கத்தைத் திறந்து, கெட்டியான உப்புக் கரைசலை வைத்துக் கொஞ்ச நேரம் விட்டால், அது உள்ளே இருக்கிற ஈரத்தோடு நிறத்தையும் மேலே இழுத்துக்கொண்டு வரும். ஒற்றி எடுத்துவிட்டு உலர விட வேண்டும். பொருக்கு கட்டும், பத்துப் பன்னிரண்டு நாளில் விழும். எட்டு வாரம் கழித்து அடுத்த முறை. எட்டு வாரத்துக்குள் அதே இடத்தில் ஊசி வைக்கக் கூடாது. சிலருக்கு மூன்று முறையில் போகும், சிலருக்கு ஆறு முறை ஆகும்.

பொறுமை இல்லாதவர்கள் வீட்டிலேயே முயற்சி செய்துவிட்டு வருவார்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தவர்கள் உண்டு. ஒரு லாரி டிரைவர், முன்னாள் காதலியின் பெயரைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டு வந்தார். பெயர் அப்படியே இருந்தது, கைத்தோல்தான் போயிருந்தது. அவரும் நானும் அன்றைக்கு நன்றாகச் சிரித்தோம். நான் சிரிக்கத் தெரியாதவள் இல்லை.

என் தங்கை செய்வது இதற்கு நேர் எதிர். அவள் புருவம் தீட்டுகிறவள். வீட்டோடு ஒட்டிய ஒரே கடையில் முன்னறை அவளுக்கு, பின்னறை எனக்கு. முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அங்கே வருகிறவர்கள் வேலை முடிந்ததும் எழுந்துபோய்த் தங்களைப் பார்ப்பார்கள், பிறகு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்வார்கள். படம் எடுப்பார்கள். அடுத்த வாரம் அக்காவையும் அத்தையையும் அழைத்து வருவார்கள். பின்னறைக்கு வருகிறவர்கள் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வருவார்கள். பிறகு தெருவில் எதிரே பார்த்தால் என்னைத் தெரியாத மாதிரி போவார்கள். என் வேலையை நான் சரியாகச் செய்திருந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத இடத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

பொறாமையா என்று கேட்டீர்கள். ஆமாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் அம்மாவுக்குச் செய்ததற்குக் காரணம் பொறாமை இல்லை. அது அம்மாவின் நல்லதுக்காகச் செய்தது. இரண்டையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். முப்பத்தாறு வயதாகிறது, இன்னும் குட்டிதான். நான் பெரியவ. குட்டி என்று கூப்பிடும்போது அம்மாவின் குரல் கடைசியில் கொஞ்சம் நீளும், கையில் எதையோ வைத்துக் கொடுப்பதுபோல. பெரியவ என்பது வேலை சொல்வதற்கு. பெரியவளே, அடுப்பை அணை. பெரியவளே, குட்டிக்குக் கதவைத் திற.

முகத்திலும் அப்படித்தான் பங்கு பிரிந்தது. குட்டிக்கு அடர்த்தியான புருவம். நடுவில் எழும்பி, ஓரத்தில் வால் மெலிந்து இறங்கும். எனக்கு அப்பாவின் புருவம், அதாவது இல்லை. வெளிச்சத்தில் நின்றால் ஒன்றிரண்டு முடி தெரியும். குட்டி ஒரு தடவை, "அக்கா, ரெண்டே மணி நேரம், உனக்கும் போட்டு விட்டுடறேன்" என்றாள். துடைக்கிற தொழில்காரி தீட்டிக்கொண்டு நின்றால் யார் நம்புவார்கள் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டேன். அவள் கையால் எனக்கு முகம் வர வேண்டாம் என்பதுதான் உண்மை.

ஐந்து வருடத்துக்கு முன்பு அம்மாவுக்கு நோய் வந்தது. மருந்து ஏற்றியதில் முடி எல்லாம் கொட்டியது. தலைமுடி திரும்பி வந்தது, புருவம் வரவில்லை. அம்மா ஒரு வருடம் வாசல் தாண்டவில்லை. பால் கொண்டு வருகிறவர் வந்தால்கூட உள்ளே போய்விடுவாள். குட்டிதான் ஒரு நாள் காலையில் கையைப் பிடித்து முன்னறைக்கு அழைத்துப் போய்ப் படுக்க வைத்தாள். விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். இரண்டு மணி நேரத்தில் புருவம் வந்துவிட்டது. அம்மா எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள். "அட, நான்தான்" என்றாள். பிறகு குட்டியின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விளக்கு என் கையில்தான் இருந்தது. அணைக்கச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அப்போதே தெரிந்தது, குட்டி தன் புருவத்தையே அம்மாவின் முகத்தில் போட்டுவிட்டாள் என்று. அதே எழும்பல், அதே வால்.

பிறகு குட்டி கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள், ரயிலில் ஆறு மணி நேரம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போவாள். முன்னறை காலியானது, கண்ணாடி மட்டும் நின்றது. அம்மாவுக்கு மறதி தொடங்கியது அதற்குப் பிறகு. முதலில் பாத்திரங்களின் பெயர் போனது, பிறகு தெரு, பிறகு மனிதர்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான். நடுவில் பின்னறையில் வேலையும் பார்த்தேன். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா நாற்காலியை இழுத்துக் கண்ணாடி முன்னால் போட்டுக்கொள்வாள். கண்ணாடியில் தெரிகிறவளைப் பார்த்து, "வந்துட்டியா குட்டி" என்பாள். "எளச்சுட்டியே குட்டி. மாப்பிள்ளை நல்லா பாத்துக்கறாரா?" நான் தட்டோடு பக்கத்தில் நிற்பேன். ஒரு வாய் ஊட்டினால், பாதியைக் கையில் வாங்கிக் கண்ணாடியில் இருப்பவளுக்கு நீட்டுவாள். கண்ணாடியைத் தினமும் துடைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

அம்மா கடைசியாக என்னைப் பெரியவளே என்று கூப்பிட்டது ஜன்னலைச் சாத்தச் சொன்னபோது. ஏழு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் நர்ஸ். மரியாதையான நர்ஸ். "நீங்க நல்லா பாத்துக்கறீங்கம்மா. உங்க அம்மா குடுத்து வச்சவங்க" என்று ஒரு நாள் தலை துவட்டும்போது சொன்னாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் கேட்டேன், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. குட்டின்னு பேரு."

"ரெண்டு பேர் இல்லையா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

அம்மா யோசித்தாள். உண்மையாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். அந்தப் புருவம் இரண்டும் மேலே ஏறி இறங்கின. "இல்லம்மா, ஒண்ணுதான்" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவானது. அம்மாவைக் குழப்புவது அந்தப் புருவம். அடுத்தவள் முகத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் தான் யார் என்று தெரியும்? கண்ணாடியை மூடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மூடினேன். போர்வையை இழுத்துப் போட்டுவிட்டாள். டிவி திரையிலும் ஜன்னல் கண்ணாடியிலும் சாப்பாட்டுத் தட்டிலும் அவளைத் தேடினாள். வீட்டில் பளபளப்பான எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. புருவத்தை எடுக்க முடியும். அது எனக்குத் தெரிந்த வேலை.

வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. குட்டி வந்துபோன வாரத்து வியாழனில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மாவைப் பின்னறையில் படுக்க வைத்தேன். "புருவத்துல அழுக்கு சேந்திருக்கு, தொடச்சு விடறேன்" என்றேன். "செய்யுங்கம்மா" என்றாள். மரத்துப்போகும் களிம்பைப் போட்டு இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். ஊசி புதியது, கையுறை புதியது. யாருக்கும் செய்வதைவிட நன்றாகவே செய்தேன். உப்புநீரை ஒற்றி எடுத்தபோது பஞ்சில் பழுப்பு நிறம் ஏறியிருந்தது. குட்டியின் நிறம். அந்தப் பஞ்சை உடனே போட மனம் வரவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கையை வைக்காமல் இருக்கப் பன்னிரண்டு நாளும் அவளுக்குத் துணிக் கையுறை மாட்டிவிட்டேன். குட்டி வருவதற்குள் பொருக்கு எல்லாம் விழுந்துவிட்டது. அவள் ஒன்றும் கவனிக்கவில்லை. எட்டு வாரம் கழித்து இரண்டாவது முறை. அடுத்த தடவை வந்தபோது அம்மாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, "நிறம் எறங்கிடுச்சே அக்கா" என்றாள். வயதான தோலில் நிறம் நிற்காது என்றேன். "நம்ம கணக்குப்படி இன்னும் ரெண்டு வருஷமாவது நிக்கணுமே" என்றாள். அவள் கையில் குறை இருக்கலாம் என்று தன்மையாகச் சொன்னேன். அவள் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாப்பாடு எனக்கு நன்றாக இறங்கியது.

மறுபடி எட்டு வாரம், மூன்றாவது முறை. பாதிக்கு மேல் போய்விட்டது. அம்மா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினாள். ஒரு நாள், "குட்டி வரலியே" என்றாள். நான் சரியான வழியில் போகிறேன் என்று நினைத்தேன். இன்னும் ஒரு முறை, அதிகமானால் இரண்டு முறை. புருவம் முழுதாகப் போனால் அம்மாவின் முகம் யார் முகம்போல இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள்தான் இவ்வளவு நேரமாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே.

மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. புதன்கிழமை குட்டி போன் செய்தாள். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஊசி எல்லாம் எடுத்துட்டு வரேன். அம்மாவுக்கு மறுபடி போட்டு விட்டுடறேன். இந்தத் தடவை நின்னுடும், பாரு" என்றாள். சரி என்றேன். என்ன சமைக்கட்டும் என்றுகூடக் கேட்டேன்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். என் தொழிலில் இருக்கிற யாரும் செய்யக் கூடாத தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆறாத தோலில் யாரும் நிறம் ஏற்ற முடியாது. தோல் திறந்திருந்தால் குட்டி ஊசியைப் பெட்டியிலிருந்தே எடுக்க மாட்டாள். அதனால் மறுநாள் வியாழனன்று அம்மாவைப் படுக்க வைத்தேன். அந்த இடம் அப்போதுதான் முளைத்த தோலாக, இளஞ்சிவப்பாக, மெல்லியதாக இருந்தது. களிம்பு தீர்ந்திருந்தது. வாங்கப் போனால் நேரமாகும் என்று அது இல்லாமலே தொடங்கினேன். சாதாரணமாக ஓர் இடத்தில் இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று தடவை ஓட்டுவேன். அன்றைக்கு எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நிறம் கொஞ்சம் தெரிந்துகொண்டே இருந்தது. தெரிகிறவரை ஓட்டினேன்.

அம்மா முதல் மூன்று முறையும் கல் மாதிரி படுத்திருந்தவள். அன்றைக்கு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வலிக்குது" என்றாள். "இதோ ஆச்சும்மா" என்றேன். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். திரும்பப் பிடித்தாள். கடைசியில் என் முழங்காலை அவள் கைமேல் வைத்துக்கொண்டு வேலையை முடித்தேன். அதை வன்முறை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடாமல் இருந்தால்தான் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி வைக்க முடியும். அது பாதுகாப்பு.

சனிக்கிழமை இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. சீழ் வைத்துவிட்டது, காய்ச்சல் கொதித்தது. டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் கேள்வி கேட்பார். ஞாயிறு போகட்டும், குட்டி பார்த்துவிட்டுத் திரும்பிப் போகட்டும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நாளும் ராத்திரி பகல் பாராமல் பக்கத்திலேயே இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குட்டி ஊசிப் பெட்டியோடு வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பெட்டி கையைவிட்டு நழுவியது. "சொறிஞ்சுக்கிட்டாங்க, சொன்னா கேக்கல" என்றேன். அவள் பதில் எதிர்பார்த்து நிற்கவில்லை. கைப்பையிலிருந்து சின்ன விளக்கை எடுத்து அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்துக் குனிந்து பார்த்தாள். ஊசி போன வரிசை பொருக்கில் தெரியும், தொழில்காரர்களுக்குத் தெரியும். வலது கைக்காரர்கள் ஓட்டினால் ஒரு பக்கம் சாயும், இடது கைக்காரர்கள் ஓட்டினால் மறுபக்கம் சாயும். இதெல்லாம் குட்டிக்கு முதல் வருடத்தில் நான் சொல்லிக் கொடுத்தது.

"அக்கா, உன் கையைக் காட்டு" என்றாள்.

நான் இடது கைக்காரி என்பதை வந்ததிலிருந்து நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அம்மாவை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனாள். சீழ் உள்ளே இறங்கி வலது கண்ணைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். பார்வை திரும்பாது என்றும் சொன்னீர்கள். அதற்கு வருத்தப்படுகிறேன். எட்டு வாரம் பொறுத்திருந்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. குட்டி அவசரப்படுத்தாமல் இருந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன்.

இப்போது படத்தைத் திருப்புங்கள். பரவாயில்லை, நான் எத்தனையோ தடவை பார்த்ததுதான், எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. நோய்க்கு முன்பு, மறதிக்கு முன்பு, அம்மாவுக்கு இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது. புருவத்தைப் பாருங்கள். நடுவில் எழும்பி, ஓரத்தில் வால் மெலிந்து இறங்குகிறது. அம்மாவுக்குத் தீட்டிய அன்று குட்டி இதைப் பார்த்துத்தான் அளவெடுத்தாள். ஒரு கையில் விளக்கையும் மறு கையில் இந்தப் படத்தையும் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். ஆகவே, குட்டி தன் புருவத்தைப் போட்டாள் என்று நான் சொன்னது சரியில்லை. அது அம்மாவின் புருவம். எனக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் எப்படி மறந்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

படத்தில் அம்மா இடுப்பில் ஒரு குழந்தை இருக்கிறதே, அது குட்டி இல்லை. குட்டி பிறக்க இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அது நான். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறாள். அந்தப் புருவத்தோடு என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்.

சரி, போகட்டும். கவிழ்த்து வையுங்கள்.

நான்தான் செய்தேன். நாலு முறையும் நான்தான். யாரும் தூண்டவில்லை, எனக்குப் புத்தி கலங்கவும் இல்லை. இந்த வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு உதவி. காலையில் மருத்துவமனை நர்ஸ் எழுதின குறிப்பை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். முகம் கழுவிவிடும்போது அம்மா கண்ணாடியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் நெற்றியை மூடிக்கொள்கிறாளாம். கண்ணாடியில் இருப்பவளிடம், "போதும் பெரியவளே, வலிக்குது, விட்டுடு" என்று கெஞ்சுகிறாளாம். அந்த வரியை இன்னொரு தடவை படிக்க முடியுமா? கெஞ்சுவதை விடுங்கள், அது காய்ச்சல். பெரியவளே என்றுதானே எழுதியிருக்கிறது? குட்டி பக்கத்திலேயே நின்றிருந்தும், ஏழு மாதத்துக்குப் பிறகு, அம்மா என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.